கிளாடிஸ் வீட்டில் தோண்டுகிறார்கள்

ஏப்ரல் 9, 2025, புதன்

பக்கத்து வீட்டு வாசலில் போர் லாரி. இந்த வெயிலில் மந்தைவெளியில் யார் வீட்டில் போர் போட்டாலும் தெருவே எட்டிப் பார்க்கும். நான் மாடியிலிருந்து பார்த்தேன். கிளாடிஸின் பெண் ஜொவிட்டா தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறாள். மண்ணைப் பற்றிப் படித்த எஞ்சினியர். குழி எங்கள் மதிலை ஒட்டி.

கேட்டேன். "தண்ணிக்கு இல்ல ஆன்ட்டி. குழிக்குள்ள பைப்பை வளைச்சு இறக்கி, அதுக்குள்ள தண்ணிய சுத்த விடுவோம். ரூம் சூட்டை எடுத்துட்டுப் போய் மண்ணுல விட்டுடும். ஏசி கரண்ட் நல்லா குறையும்."

இருநூறு அடி தோண்டுவார்களாம், சொட்டுத் தண்ணீர் எடுக்க மாட்டார்களாம். சென்னையில். யார் காதில் பூ சுற்றுகிறார்கள்?

ஏப்ரல் 12, சனி

எங்கள் போரில் தண்ணீர் இறங்கிவிட்டது. மோட்டார் பாதி நேரம் காற்றைத்தான் இழுக்கிறது. குறைய ஆரம்பித்து ஒரு மாதம் இருக்கும். அப்படியென்றால் குழிக்கு முன்னாடியே... இல்லை, அவர்களுக்குப் பழைய போர் வேறு இருக்கிறதே. அது போதாமல்தான் இது.

இவரிடம் சொன்னேன். "கோடைன்னா அப்படித்தான்" என்று பேப்பருக்குள் போய்விட்டார்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. கிளாடிஸ் வீட்டுக்குப் பாயசம் அனுப்பவில்லை, இத்தனை வருஷத்தில் முதல் தடவை. அவளும் தூக்கைக் காலியாகத் திருப்பியதே இல்லை. ஒரு வாழைப்பழமாவது உள்ளே இருக்கும். இருக்கட்டும்.

ஏப்ரல் 16, புதன்

குடிநீர் வாரியத்துக்கு மனு எழுதினேன். அனுமதியில்லாமல் ஆழ்துளைக் கிணறு என்று. இவரையும் கையெழுத்துப் போடச் சொன்னேன். பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார், கழற்றினார். கடைசியில் போட்டார். பயந்தாங்கொள்ளி.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். எனக்கென்று முட்டை போடாமல் தனியாகக் கேக் செய்து அனுப்புவாள் கிளாடிஸ். இன்று வரவில்லை.

ஏப்ரல் 23, புதன்

அதிகாரி வந்து பார்த்து, முறையான அனுமதி வரும் வரை வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார். கிளாடிஸ் கேட்டருகில் வந்தாள்.

"ஜெயா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டேனே. உன் பொண்ணுதான் கதை விட்டா."

கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் என்ன தப்புப் பண்ணினேன்? தண்ணியில்லாம எப்படி இருக்கறது?

மே 10, சனி

அனுமதி வாங்கிவிட்டார்கள். குழாயை இறக்கிக் குழியை மூடியும் ஆயிற்று. துணி உலர்த்தும் சாக்கில் வெகுநேரம் பார்த்தேன். தண்ணீர் இழுக்கும் மோட்டார் எதுவும் கண்ணில் படவில்லை. எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

மே 20, செவ்வாய்

சாயங்காலம் ஜொவிட்டா லேப்டாப்போடு வந்தாள். வெள்ளியிலிருந்து திங்கள் வரை குழாயில் வெந்நீர் சுற்றவிட்டு, மண் எவ்வளவு சூட்டை வாங்குகிறது என்று பார்த்தார்களாம்.

"காஞ்ச மணல் சூட்டை லேசுல கடத்தாது ஆன்ட்டி. ஈர மணல் கடத்தும். மண்ணுல தண்ணி இருந்தாத்தான் எங்க சிஸ்டமே ஓடும். நாங்களே அதை எடுப்போமா?"

லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். திரையில் சூட்டைக் காட்டும் ஒரு கோடு மெல்ல ஏறிக்கொண்டே போய், நடுநடுவே சரிந்தது.

"பக்கத்துல மோட்டார் ஓடினா அடியில தண்ணி நகரும், சூட்டையும் இழுத்துக்கிட்டுப் போயிடும். அதான் இறங்குது. நீங்க எப்பப்போ போடறீங்கன்னு சொன்னா கணக்குல கழிச்சுடுவேன்."

"கார்த்தால ஆறு மணிக்கு மட்டுந்தான்."

"அது சின்னதா தெரியுது. பெருசு பதினோரு மணி வாக்குல. ஞாயித்துக்கிழமை மட்டும் இல்ல."

ஞாயிறு மட்டும்தான் அந்த நேரத்தில் நான் வீட்டில் இருப்பேன். மற்ற நாளெல்லாம் தி. நகர் கண் ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையில்.

இவர் எழுந்து, "மோர் சாப்பிடறியாம்மா?" என்று சமையலறைக்குப் போனார். மோர் எந்தப் பாத்திரத்தில் இருக்கிறது என்றுகூட இவருக்குத் தெரியாது.

மே 21, புதன்

ஆஸ்பத்திரியில் தலைவலி என்று சொல்லிவிட்டுப் பாதியில் வந்தேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கொல்லை மதில் மேல் பச்சை ஓஸ், பின்தெருவில் இவருடைய சிநேகிதர் வேம்புவின் கேட்டரிங் சமையல்கூடத்துக்கு. மார்ச்சிலிருந்தாம்.

"அவன் போர் வத்திடுத்து. கல்யாண சீசன். கேட்டான், முடியாதுன்னு சொல்ல வாய் வரலை."

"தண்ணி கொடுத்தது இருக்கட்டும். மனுவுல ஏன்னா கையெழுத்துப் போட்டேள்?"

"நீ அவ்வளவு நிச்சயமா இருந்தே, ஜெயா."

இதுக்கு என்னன்னு பதில் சொல்றது? நாள் முழுக்க இந்த மனுஷனோட முகத்தைப் பார்க்கவே பிடிக்கலை. கண்ணாடியில என் முகத்தையும்.

மே 22, வியாழன்

புகார் தவறு என்று வாரியத்தில் எழுதிக் கொடுத்தேன். கிளாடிஸிடமும் நேரில் சொன்னேன், வேம்பு விஷயம் உட்பட. "சரி ஜெயா" என்றாள். உட்காரச் சொல்லவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

தொட்டி சீக்கிரமே நிரம்பிவிடுகிறது. மோட்டார் அறைச் சாவி என் கைப்பையில். ஆஸ்பத்திரிக்கும் எடுத்துக்கொண்டுதான் போகிறேன்.

காலையில் பால் பாயசம் வைத்துக் கிளாடிஸ் வீட்டில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். கூடத்தில் ஜில்லென்று இருந்தது. வாசற்படி வரைக்கும் அந்தக் குளிர்ச்சி வந்தது.

சாயங்காலம் ஜொவிட்டா தூக்கைக் கொண்டுவந்து கொடுத்தாள். பளபளவென்று தேய்த்திருந்தது. அவள் போனதும் மூடியைத் திறந்து பார்த்தேன்.

காலி.