கப்பலேறிய ஆதம்பாவா நமக்கு என்ன முறை

மருதமுனை,
14.08.1982

அன்பு மகன் ஜவுபருக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், உன் வாப்பாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை, அதற்குக் காரணம் நீதான், சொல்கிறேன். அங்கே அமெரிக்காவில் குளிர் தொடங்கப்போகிறதாம், வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. தங்கச்சி றாஹிலாவுக்குக் கலியாணம் ஹஜ்ஜுப் பெருநாள் கழித்து என்று பேசியிருக்கிறோம்.

ஹெலன் என்ற பிள்ளையைக் கலியாணம் முடிக்க எங்களுடைய சம்மதம் கேட்டு நீ எழுதிய கடிதம் வந்த அன்று வாப்பா சோற்றில் கை வைக்கவில்லை. அவள் கலிமாச் சொல்லி இஸ்லாத்துக்கு வர விரும்புகிறாள் என்று வாசித்தபோது கொஞ்சம் இளகினார். அவளுடைய பூட்டன் ஆதம்பாவா எண்பது வருடத்துக்கு முன் கல்முனைப் பக்கத்திலிருந்து கப்பலேறி அமெரிக்கா போனவர், அந்தப் பெயரைத்தான் குடும்பமே இன்னும் குடும்பப் பெயராக வைத்திருக்கிறது என்று வாசித்ததும் எழும்பி உட்கார்ந்தார். ஆர் எவர் எண்டு தெரியாம நான் ஓம் எண்டு சொல்லமாட்டன் என்று சைக்கிளை எடுத்தவர் இரண்டு கிழமையாக, முழங்கால் வீங்கும்வரை, கல்முனை, சாய்ந்தமருது என்று ஒரு வீடு விடவில்லை. எல்லார் வீட்டிலும் ஓர் ஆதம்பாவா இருந்தார், கப்பலேறியவர் ஒருவரும் இல்லை. ஒரு வீட்டில் தேத்தண்ணி கொடுத்து, திருகோணமலைக்குப் போனவரின் படத்தைக் காட்டினார்களாம்.

போன வெள்ளிக்கிழமை இந்த வீட்டைத் தங்கச்சி பெயருக்கு எழுதப் பழைய காணி உறுதிப் பத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தோம். என் உம்மாவுக்கு அவருடைய உம்மா கொடுத்து, பிறகு எனக்கு வந்த வீடல்லவா. வாப்பா சத்தமாக வாசித்துக்கொண்டு போனவர் நின்றுவிட்டார். கப்பல் வேலைக்குப் போகும் ஆதம்பாவா, இந்த வளவில் தன் பங்கை உடன்பிறந்த தங்கை ஆசியா உம்மாவுக்கே விட்டுக்கொடுத்ததாக அதில் எழுதியிருந்தது. ஆசியா உம்மா என் உம்மாவைப் பெற்றவர். பெயர்கூடச் சொல்லாமல், கடலில் மூழ்கி இறந்துபோன மாமா என்று மட்டும் சொல்லி என் உம்மா கத்தம் ஓதிய மனிதர், மகனே, அங்கே பிள்ளை குட்டியோடு வாழ்ந்திருக்கிறார். நான் அழுதுவிட்டேன்.

வாப்பாவின் முகமோ இருண்டுவிட்டது. அப்ப அந்தப் புள்ளையும் உங்கட குடி வம்சம்தானே, ஒரே குடிக்குள்ள எப்படி முடிக்கிற, இவனுக்குத் தங்கச்சி முறையல்லோ என்று சொல்லி, இந்தக் கலியாணம் வேண்டாம் என்று உனக்கு எழுதக் கடதாசியும் எடுத்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. குடி நமக்கு உம்மா வழியில் வருவது, ஆண்பிள்ளை தன் குடியைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியுமா, அந்த நாட்டில் வாப்பாவின் பெயர் பிள்ளைக்குப் போவதைப் பார்த்துக் குடியும் அப்படித்தான் போகும் என்று நினைத்தீர்களோ என்று கேட்டேன். மனிதர் நம்பவில்லை. பள்ளிவாசலில் நம் குடிக்குப் பொறுப்பான மரைக்காராக இருக்கும் முகைதீன்பாவாவிடம் போனார். அவர் விரல் விட்டு எண்ணினாராம். ஆதம்பாவா என் உம்மாவுக்கு மாமா, அவருடைய மகன் உம்மாவுக்கு மச்சான், அந்த மச்சான் எனக்கு வாப்பா முறை, அவருடைய மகன் எனக்குக் காக்கா, அண்ணன் முறை, காக்காவின் மகள் உனக்கு மச்சி. இதவிட முறையான பொண்ணு ஊருக்குள்ள தேடினாலும் கிடையாது என்று மரைக்கார் சொன்னாராம். இப்போது உன் வாப்பா, எல்லாவற்றையும் தானே கண்டுபிடித்ததாகத் தெருவெல்லாம் கதைத்துக்கொண்டு திரிகிறார்.

ஆகவே எங்கள் இருவருக்கும் முழுச் சம்மதம். ஆண்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவதுதான் நம் வழக்கம், உன் வாப்பா நிந்தவூரிலிருந்து பஸ்ஸில் வந்தார், நீ கடல் தாண்டிப் போய்விட்டாய், எனக்குக் கவலை இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். தங்கச்சி கலியாணத்துக்கு அவளையும் கூட்டிக்கொண்டு வா, இங்கேயே நிக்காஹ் வைப்போம். அவளுடைய வாப்பாவின் படம் ஒன்றை மறக்காமல் அனுப்பு, கூடப்பிறந்த ஆண் இல்லாத எனக்கு இந்த வயதில் ஒரு காக்கா கிடைத்திருக்கிறார், முகத்தைப் பார்க்க வேண்டும். அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும் ஈமானையும் தரட்டும். ஹெலனிடம் சொல்லு, உன்னை முடித்த பிறகு அல்ல, அவள் பிறந்த நாளிலிருந்தே நான் அவளுக்கு மாமிதான்.

உன் உம்மா,
சுல்பிகா