வைக்கோலில் மூன்று வாரம்

ஜனவரி 8, புதன்

பள்ளி மைதானத்தில் நான் தாண்டும் குழிக்குப் புது மணல் வந்துவிட்டது. வார்டு மெம்பர் அறிவரசன் பொங்கல் பரிசாக ஒரு லாரி கொட்டியிருக்கிறான். மணல் என்பது பேச்சுக்கு. கல் உடைக்கும் கிரஷரில் கிடைத்த தூள்தான். ஆற்று மணல் அள்ளத் தடை, வேறு வழி?

கூடவே ஒரு பேனர். 'நீளம் தாண்டுதலில் ஐந்து முறை மாநிலச் சாம்பியன், தா.பழூரின் தங்க மருமகள் ரீனா செபஸ்டின்.' படம் ஏழு வருஷப் பழசு, 6.41 மீட்டர் தாண்டியபோது எடுத்தது. அந்த இடுப்பு இப்போது எங்கே போயிற்று என்று பேனரைப் பார்த்து நானே கேட்டுக்கொண்டேன்.

என் மகள் பெனிட்டா பிறந்து இரண்டு வருஷம். அதற்குப் பின் நான் தாண்டிய அதிகபட்சம் 5.94. பிப்ரவரி 15 திருச்சியில் ரயில்வே அணிக்குத் தேர்வு. 6.20 தாண்டினால் பெங்களூரு முகாம். இல்லாவிட்டால் நான் வேலை பார்க்கும் அரியலூர் ஸ்டேஷன் டிக்கெட் கவுன்ட்டரோடு என் கதை முடிந்தது. வயது முப்பது. அடுத்த வருஷம் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

ஜனவரி 11

காலையிலிருந்து மழை. பொங்கல் நேரத்தில் இதென்ன கூத்து.

ஜனவரி 13

குழி இறுகிவிட்டது. ஒரு நாள் வெயில்தான் அடித்தது, குதிகாலால் தட்டினால் டொக் என்கிறது. அறிவரசன் கடப்பாரையால் குத்தினான், கடப்பாரை எகிறியது.

"தூள்ல சுண்ணாம்புக்கல்லு கலந்திருக்கும் போலக்கா. கெட்டியா புடிச்சிக்கிச்சு."

சுற்றிலும் சிமெண்ட் ஆலை வைத்திருக்கும் ஊர்க்காரனுக்கு இது முன்பே தெரியாதா? இப்ப என்னடா பண்றது என்றேன்.

"ஷட்டில் ஆடலாங்க்கா."

சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்ததும் அழுகை வந்தது.

ஜனவரி 17

இன்று நான் மணல் திருடி. வண்டிக்கார அமாவாசை அண்ணனைக் கெஞ்சி மாட்டு வண்டி கட்டி, கொள்ளிடத்தில் அரை வண்டி அள்ளினோம். கரை ஏறியதும் போலீஸ்.

"பேனர்ல இருக்கறவங்கதானே? நீங்களே இப்படிப் பண்ணலாமாம்மா? எதுக்கு மணல்?"

"குதிக்கத்தான் சார்."

அவர் என்னையும் ஆற்றையும் மாறி மாறிப் பார்த்தார். விளக்கிச் சொன்னேன். மணலை ஆற்றிலேயே கொட்ட வைத்து, எச்சரித்து அனுப்பினார். தப்பு என்னுடையதுதான், அமாவாசை அண்ணனையும் சேர்த்து மாட்டிவிட்டேன்.

வழியில் அமாவாசை அண்ணன் கேட்டார்: "ஓட்டப் பந்தயத்துக்கு மணலு கேக்காதுல்ல? அதுக்கு மாறிக்கக் கூடாதா பாப்பா?"

ஜனவரி 19, ஞாயிறு

பெரம்பலூர் ஸ்டேடியம். இரண்டு பஸ் மாறி வர வேண்டும், வாரத்தில் ஒரு நாள்தான் முடிகிறது. 5.96.

கோச் தமிழரசன் சார் குழியைக் காட்டினார். "காலு விழுந்த எடம் ஆறு பதினஞ்சு. கை பின்னால ஊணுது ரீனா. அதுதான் எல்லாத்தையும் திங்குது."

மணலில் தாண்டும் கோட்டுக்குக் கிட்ட விழுந்த தடத்தைத்தான் அளப்பார்கள், அது கையாக இருந்தாலும். தெரியும். தெரிந்தும் கை போகிறது. பயம் — பிரசவத்துக்குப் பிறகு இடுப்பு பலமாக மோதினால் என்னவோ ஆகிவிடும் என்று. டாக்டர் ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டார். ஆனாலும் பயம். யாரிடமும் சொன்னதில்லை, இங்கே எழுதிவிட்டேன்.

ஜனவரி 22

எங்கள் வயலில் அறுவடை. மெஷின் போட்ட வைக்கோலைக் களத்தோரம் குவித்திருந்தார்கள். வண்டிப்பாதையில் ஓடி வந்து அதில் குதித்தேன். வழக்கம்போலக் கை பின்னால் போயிற்று. ஊன்ற ஒன்றும் இல்லாமல் மல்லாக்க உள்ளே முங்கிவிட்டேன். வேலை செய்த பெண்களில் ஒருத்தி, "புஷ்பக்கா, ஒன் மருமவள காணும்" என்றாள்.

என் மாமியார் மரிய புஷ்பம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மிதிச்ச வைக்கோல மாடு திங்காது. அத யாரு அவகிட்ட சொல்றது?"

ஜனவரி 24

உடம்பெல்லாம் அரிப்பு. சொறிந்துகொண்டே டிக்கெட் கொடுக்கிறேன்.

ஜனவரி 29

தினமும் டியூட்டிக்கு முன் இருபது தாண்டல். கையைப் பின்னால் விட்டால் முங்கிப் போகிறேன். முன்னால் சாய்ந்தால் எழுந்து நடக்கிறேன். இடுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வைக்கோலில் தடம் விழாது, எவ்வளவு தாண்டுகிறேன் என்பதே தெரியவில்லை. அதுதான் ஆளைக் கொல்கிறது.

அத்தையிடம் கேட்டேன். "நேத்துக்கு இன்னிக்கு ஒரு சாண் கூட இருக்கும். மாட்டுக்கு ஒரு வேளத் தீனியும் போச்சு."

பிப்ரவரி 2, ஞாயிறு

பெரம்பலூர். 6.11. கை போகவில்லை. சார் டேப்பை இரண்டு தடவை பிடித்துப் பார்த்தார். இன்னும் ஒன்பது சென்டிமீட்டர்.

பிப்ரவரி 9

தேர்வானால் நாற்பது நாள் முகாம், பெனிட்டாவை யார் பார்ப்பது என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "நான்தான். நீ தாண்டுற வேலைய மட்டும் பாரு" என்றார். சட்டென்று சொல்லிவிட்டார், ரெண்டு நிமிஷம்கூட யோசிக்கல. சோறு ஊட்டத் தெரியுமா இந்த மனுசனுக்கு? அவ ராத்திரி என்னத் தேடுனா என்ன பண்ணுவாராம்? போவணும்னும் இருக்கு, போவக் கூடாதுன்னும் இருக்கு. என்ன பொம்பள நான்?

பிப்ரவரி 15, திருச்சி

ஆறு வாய்ப்பு. முதல் இரண்டும் கோட்டை மிதித்து வீண். பிறகு 6.14, 6.09, 6.17. கடைசித் தாண்டலுக்கு ஓடும்போது மனதில் ஒன்றுமே இல்லை. முன்னால் சாய்ந்து விழுந்தேன், வாயெல்லாம் மணல்.

6.23.

முதலிடம் பத்தொன்பது வயது நந்தினிக்கு, 6.34. எனக்கு எரிச்சல்தான், பொய் சொல்ல மாட்டேன்.

மார்ச் 3, ரயிலில்

எனக்குப் பாஸ் இருந்தது. வழியனுப்ப வந்த அவருக்குப் பிளாட்ஃபாரம் டிக்கெட் எடுக்க, பெனிட்டாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அரியலூர் ஸ்டேஷனில் வரிசையில் நின்றேன். கவுன்ட்டரில் என் நாற்காலியில், கூட வேலை பார்க்கும் அனுசுயா.

"திரும்பி எப்பக்கா?"

"நாப்பது நாளு."

அவள் குழந்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், டிக்கெட்டைத் தள்ளினாள். பின்னாலிருந்து ஒருவர், "சீக்கிரம் எடும்மா, வண்டி வந்துரும்" என்றார். கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்து நான் தினமும் கேட்கிற குரல், தினமும் எனக்குக் கோபம் வரும். இன்று அது என் வண்டி.

நகரும்போது பெனிட்டா அழவில்லை, அப்பா தோளிலிருந்து கை ஆட்டினாள். லால்குடி வரை நான் அழுதேன். பிறகு பசித்தது. அத்தை கட்டிக் கொடுத்த புளிச்சோற்றைப் பிரித்தேன்.