நானே தூக்குகிற பெட்டி

காரைக்குடி, 12-2-1934

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள அத்தானுக்கு,

மூணு நாளைக்குத் துணி போதும், சின்னப் பை கொண்டுவா என்று ஆஸ்பத்திரியிலிருந்து எழுதியிருந்தீக. உங்க கையெழுத்து இப்படி நடுங்கி நான் பார்த்ததில்லை.

முதலில் பெரிய டிரங்குப் பெட்டியைத்தான் இறக்கினேன். ரயிலில் பலகைக்கு அடியில் நுழையாது, இரண்டு வண்டி மாற உன்னால் தூக்கவும் முடியாது என்று அண்ணன் சொன்னாக. அதனால் நடுத்தரமான தகரப் பெட்டி ஒன்று வாங்கினேன். ஆறு சேலை, கம்பளி, கஞ்சிக்கு அரிசி, சட்டி எல்லாம் அடங்கியது. தூக்கிக்கொண்டு முற்றத்தை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன்.

"எப்பத் திரும்புவ?" என்று அத்தை கேட்டாக.

"உங்க மகனோடதான்" என்றேன்.

பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டேன். வர வேண்டாமென்று தந்தி அடிக்காதீக. இந்தக் கடிதம் கிடைக்கும்போது நான் ரயிலில் இருப்பேன்.

உங்கள் மனைவி