கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு வேண்டுதல்

என் பிரியமான ஆஷர் அண்ணாவுக்கு,

உங்களுக்குத் தமிழ் தெரியாதுன்னு எனக்குத் தெரியாதுங்களா? "சாப்பாடு", "நாளைக்கு", "வேண்டாம்" என்ற மூன்று சொல்லை வைத்தே பன்னிரண்டு வருசம் திருப்பூரில் காலம் தள்ளியவர் நீங்கள். இப்போது போயிருக்கும் இடத்தில் எல்லா பாஷையும் புரியும் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை பெல்ஜியத்திலிருந்து உங்கள் முதலாளியின் பேக்ஸ் வந்தது. நீங்கள் காலமாகிவிட்டீர்கள் என்று இரண்டே வரி. என் வீட்டுக்காரர் படித்துச் சொல்ல, நான் செக்கிங் டேபிளிலேயே உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும் சிரிப்பும் வந்துவிட்டது. உங்களை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது நம்ம சண்டைதானே?

அப்போது சுகன்யா ஏழு மாசமாய் என் வயிற்றில் இருந்தாள். அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் அதே ஏழாம் மாசத்தில் தவறிப்போயிருந்தன. நிமிசத்துக்கு ஒருதரம் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து, பெல்ஜியம் கம்பெனிக்காகச் சரக்கைச் சோதிக்கும் நீங்கள் வந்து, எங்கள் எட்டு மிஷின் கம்பெனியில் தைத்த டி-சர்ட் அத்தனையும் காலர் சாய்ந்திருக்கிறது என்று ரிஜெக்ட் செய்தீர்கள். சும்மா விடுவேனா? புரியாது என்ற தெம்பில் வாங்கு வாங்கென்று வாங்கினேன். கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திட்டு வந்திருக்கறான் பாரு என்றேன். நீங்கள் சிரித்துக்கொண்டே "வேண்டாம்" என்றீர்கள்.

அன்று மத்தியானம் உங்கள் பெரிய முதலாளி வந்தார். வெள்ளைத் தாடி, பையில் ஜெபப் புத்தகம். நீங்களெல்லாம் யூதர்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால், யூதர்களுடைய சாமியார் இவர்தான் என்று நானே முடிவு பண்ணிவிட்டேன். இந்தப் பிள்ளையாவது தங்கணும், கையைத் தூக்கி ஒரு ஆசீர்வாதம் பண்ணுங்கள் என்று வீட்டுக்காரரை விட்டு இங்கிலீசில் கேட்கச் சொன்னேன். அவர் இரண்டடி பின்னால் போய்விட்டார். எனக்கு முகம் சுண்டிப்போனது. வேற மதத்துக்காரி என்று ஒதுக்குகிறாரோ?

அப்புறம்தான் விளக்கினார். கையைத் தூக்கி ஆசீர்வதிப்பது கோஹேன் என்கிற குரு வம்சத்துக்கு மட்டுமே உரியதாம். அவர் லேவி வம்சம். ஆசீர்வாதத்துக்கு முன் கோஹேன் கையில் தண்ணீர் ஊற்றுவது அவர்கள் வேலை. மற்ற ஜனம் நின்று வாங்கிக்கொள்ளும், அதுவும் குறைச்சலில்லை என்றார். "இங்கே கோஹேன் அவர்தான்" என்று துணி பேல் மேல் உட்கார்ந்திருந்த உங்களைக் காட்டினார். சம்பளம் கொடுக்கிறவர், வாங்குகிறவர் கைக்குத் தண்ணீர் ஊற்றுவாராம்! எங்கள் ஊர்த் தர்மகர்த்தா எவ்வளவு பெரிய பண்ணையக்காரர் ஆனாலும் கருவறைப் படி தாண்டமாட்டார், அதனால் எனக்குப் பட்டென்று புரிந்தது. புரிந்ததும் பகீரென்றது. காலையில் அந்த மனுசனையல்லவா கிழித்துத் தொங்கவிட்டிருந்தேன்.

வெட்கத்தை விட்டு உங்களிடமே கேட்டேன். அந்த ஆசீர்வாதம் எங்கள் ஜனம் கூடித் தொழும் இடத்துக்கு உரியது, அதை இங்கே எடுத்துவர எனக்கு உரிமையில்லை என்றீர்கள். சாதாரண மனுசனாக வேண்டிக்கொள்ளலாம். ஆனால் ஒன்று. அதை வீட்டுக்காரர் நம்மூர்ப் பேச்சிலேயே சொன்னார்: "ஆசீர்வாதம்னா அன்போடதான் பண்ணோணும், வாங்கறவிங்க மனசுலயும் கோவம் இருக்கப்படாதுங்கறது அவிங்க சட்டமாம். அந்தப் பழக்கம் அவரை விடாதாம். உனக்கு அவரு மேல கோவம் இருக்குதேங்கறாரு."

"சரக்கப் பாஸ் பண்ணச் சொல்லுங்க, கோவம் தன்னால போயிரும்" என்றேன்.

அதுவும் உங்கள் உரிமையில் இல்லையாம். உள்ளதை உள்ளபடி சொல்வதுதான் உங்கள் வேலையாம். என்ன மனுசனப்பா இது என்று ஒரு பீஸை வெடுக்கென்று இழுத்து டேபிளில் விரித்தேன். காலர் அரை விரல்கடை சாய்ந்துதான் இருந்தது. செக்கிங்கில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று பீற்றிக்கொண்டவள், வயிற்றைப் பார்த்த பயத்தில் துணியைப் பார்க்கவில்லை. தப்பு எம்மேலதானுங்ணா என்று சொன்னேன். சொன்னதும் மனசு லேசாகிவிட்டது.

இரண்டு நாள் பிரித்துத் தைத்தோம். மூன்றாம் நாள் சரக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு என் எதிரில் வந்து நின்றீர்கள். பழக்கதோசத்தில் கை உயர்ந்துவிடக் கூடாதென்று இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, உங்கள் பாஷையில் ஏதோ சொன்னீர்கள். எனக்கு ஒரு சொல் புரியவில்லை. பொலபொலவென்று அழுதேன்.

சுகன்யா சுகமாய்ப் பிறந்தாள். டாக்டரம்மா ஊசி, பழனி முருகன், உங்கள் வேண்டுதல், யாருக்கு எவ்வளவு பங்கு என்று நான் கேட்கவில்லை. இப்போது ஆறாவது படிக்கிறாள். கணக்கு சுமார்தான், வாய் மட்டும் என்னை விட நீளம்.

போன வருசம் அவளுக்கு மஞ்சள்காமாலை வந்தபோது வேண்டிக்கொள்ளச் சொல்லி உங்களுக்குப் போன் போட்டோமே, அன்றைக்கு நீங்கள் இன்னொன்று சொன்னீர்கள். உங்கள் வீடுகளில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெற்றவர்கள் பிள்ளை தலையில் கைவைத்து வாழ்த்துவார்களாம். அதற்கு எந்த வம்சமும் வேண்டாம், அது பெற்றவர்களான உங்கள் வேலை, என்னிடம் கேட்காதீர்கள் என்றீர்கள். நான் ஒருநாளும் செய்யவில்லை அண்ணா. வெள்ளிக்கிழமை லாரி ஏற்றும் நாள். அதுவுமில்லாமல் நீங்கள்தான் இருக்கிறீர்களே என்ற சோம்பல். நான் வாழ்த்தி என்ன ஆகப்போகிறது என்றும் ஒரு நினைப்பு.

நேற்று வெள்ளிக்கிழமை. லாரி வந்து நின்றது. சுகன்யாவைக் கூப்பிட்டுத் தலையில் இரண்டு கையையும் வைத்தேன். "என்னம்மா, பேன் பாக்கறயா?" என்றாள். பேசாம நில்லு கண்ணு என்றேன். மந்திரமா தெரியும் எனக்கு? நல்லா இரு, நல்லா இரு என்று அதையே சொன்னேன். டிரைவர் ஹாரன் அடித்தார், நான் கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

இனி எல்லா வெள்ளிக்கிழமையும் லாரி காத்திருக்கும், அண்ணா.

கூடப் பிறக்காவிட்டாலும் உங்கள் தங்கச்சி,
சரஸ்வதி