சிடியின் மேல்பக்கம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் பிள்ளைகளும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம். பெரியவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. சின்னவன் வாசலில் பைக் சத்தம் கேட்டால் இன்னும் அப்பா என்று ஓடுகிறான்.

நேற்று வழக்கு வந்தது. ஆலையின் கேமரா அறை வேலையை விட்டுப் போகும் முன் நீ பதிந்து கொடுத்த சிடியைக் கோர்ட்டில் போட்டார்கள். உன் மாமா துணியில் கை துடைத்துக்கொண்டே வந்தார். உயிரோடு, தம்பி. கை மெஷின் சுவிட்சுப் பக்கம் போனது. படம் அப்படியே நின்றுவிட்டது. அவர் அணைத்ததும் அதில் வரவில்லை, அவர் உள்ளே இருக்கும்போது சூப்பர்வைசர் மறுபடி போட்டதும் வரவில்லை. அணைக்காமல் நுழைந்தது அவர் தப்பு என்று கம்பெனி வக்கீல் பழைய பல்லவியையே பாடினார். ஆலையில் இருந்த பதிவு முப்பது நாளில் தானாக அழிந்துவிட்டதாம்.

சிடியைக் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரரிடம் கொண்டுபோனேன். நீ பதிந்தபோது லேசர் உள்ளே ஒரு சாயப் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளைச் சுட்டு வைத்திருக்கிறது. படிக்கும்போது அடியிலிருந்து ஒளியை அனுப்பி, வெள்ளிப் பூச்சில் பட்டுத் திரும்புவதை வைத்துப் படிக்குமாம். நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகுமாம். "அடியில கீறல்னா பாலிஷ் போட்டுப் பாக்கலாம்மா. மேலதான் வெள்ளி இருக்கு, அதுக்கு மேல வெறும் வார்னிஷ். இதுல யாரு பால்பாயிண்ட் பேனாவால அழுத்தி எழுதினது?" என்று கேட்டார். விளக்கில் தூக்கிப் பிடித்தார். ஓரத்தில் மாமாவின் பெயர் எழுத்து எழுத்தாக வெளிச்சமாய்த் தெரிந்தது.

நான்தான் எழுதினேன். வேறு எதனோடும் கலந்துவிடக் கூடாது என்று, பெயரும் தேதியும் அழுத்தி எழுதினேன். வெள்ளி உரிந்த இடத்தில் ஒளி திரும்பாதாம். இதை நம் வக்கீலிடம்கூட நான் சொல்லவில்லை.

அன்று கேமரா அறையில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நீ ஒருவன்தான். யாருக்குப் பயந்து அவ்வளவு தூரம் போனாய் என்பதும் எனக்குத் தெரியும். வா என்று சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறதா, தெரியவில்லை. அடுத்த வாய்தா பதினெட்டாம் தேதி, காலை பத்தரை மணி.

வராவிட்டாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், தம்பி. ஆனால் வந்துவிடு.

உன் அக்கா