மொறிஸ் மைனரின் வளைந்த றாக்

திருகோணமலை

அன்பு மகன் வினோஜனுக்கு,

கோணேசர் காவலில் நான் சுகமாகவே இருக்கிறேன், முழங்கால் மட்டும் என்னோடு முறுகிக்கொண்டு நிற்கிறது. நீயும் மருமகள் லக்சனாவும் குழந்தையும் அந்தக் கனடாக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன மாதம் நீ போனில் அழுதுகொண்டு சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டேன். இப்போதும் வாயால் சொல்லப்போனால் சாப்பாட்டுக் கதைக்கே போய்விடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். சுனாமிக் கடல் வந்த அன்று சல்லி அம்மன் கோயிலால் திரும்பும்போது அம்மாதான் கார் ஓட்டினார், சின்னப்பிள்ளை நீ பக்கத்தில் இருந்தாய், நான் துறைமுகத்தில் வேலையில் நின்றேன். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்திருந்தது. நீ பயத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்து உன் பக்கம் இழுத்தாய் என்பதோ, அம்மா விடு விடு என்று கத்தினார் என்பதோ நீ சொல்லும்வரை எனக்குத் தெரியாது. நீ இழுத்தபடியால்தான் கார் றோட்டை விட்டு இறங்கி அம்மா போய்விட்டார் என்று இத்தனை காலமும் அதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாய். பெண்சாதி கார் ஓட்ட நீ பஸ்ஸில் போகிறாய் என்று உன்னைப் பகிடி பண்ணிக்கொண்டிருந்த எனக்கு நீ சொன்ன அன்றிரவு நித்திரை இல்லை.

அந்த மொறிஸ் மைனரைக் கடல் போட்டுவிட்டுப் போன இடத்திலிருந்து இழுத்துவந்து கொட்டிலில் விட்டதோடு சரி, தார்ப்பாயை விலக்கவும் எனக்கு மனம் வந்ததில்லை. நீ சொன்ன பிறகு விலக்கினேன். துறைமுகப் பட்டறையில் என்னோடு வேலை செய்த அபூதாஹிரைக் கூப்பிட்டேன். அவன் சுற்றிப் பார்த்துவிட்டு, இது இனி ஓடினால் நான் எண்ட தாடிய வழிக்கிறன் என்றான், ஆனாலும் அடுத்த நாள் காலையில் ஸ்பனர் பெட்டியோடு வந்து நின்றான். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பினோம், மயிரிழையும் அசையவில்லை. துருவாக்கும் என்றான், நானும் அப்படித்தான் நினைத்தேன். கீழே படுத்து றாக்கைக் கழற்றினோம். றாக் என்றால் ஓர் இரும்புக் குழாய்க்குள் பல் வெட்டிய நீளக் கம்பி, ஸ்டியரிங்கைத் திருப்ப அது இடமும் வலமும் ஓடி முன்சில்லுகளைத் திருப்பும், இரண்டு முனையிலும் றப்பர் உறை இருக்கும். உறையை வெட்டினால் கிறீஸ் வரவேண்டும், மணல் வந்தது. கட்டி கட்டியாகக் கடல்மணல், வாடையும் கடல்வாடை. சட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவக் கழுவ வந்துகொண்டே இருந்தது. உன் அம்மாவைக் கடல் திருப்பித் தரவேயில்லை, அதனால் அந்தச் சட்டி மணலை முற்றத்தில் ஊற்ற எனக்குக் கை வரவில்லை. கொண்டுபோய்க் கடலிலேயே விட்டேன், அபூதாஹிரும் கூட வந்தான். அந்த நாட்களில் நான் தனியே வேலை செய்யும்போது, காருக்குள் யாரோ ஏறி இருப்பதுபோலச் சீற் ஸ்பிரிங் முனகும். நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பயத்தினால் இல்லை, பார்த்தால் இல்லாமல் போய்விடுமே என்றுதான்.

கம்பியை வெளியே எடுத்த பிறகுதான் விளங்கியது, அது துரு இல்லை, வளைவு. தோணி ஒன்று வந்து சில்லில் இடித்தது என்று நீ சொன்னாயே, அந்த இடியில் கம்பி வளைந்து குழாய்க்குள் இறுகிவிட்டது. இனி எழுதுவதைக் கவனமாக வாசி மகன். சில்லுகள் நேரே நிற்கும்போது கம்பி குழாயை விட்டு எந்த இடத்தில் வெளியே வருமோ, அந்த இடத்திலேயே வளைவு இருக்கிறது. இடிக்குமுன் உன் இழுப்புக்குச் சில்லு திரும்பியிருந்தால் வளைவு தள்ளி விழுந்திருக்கும். நான் அளந்தேன், என் கண்ணை நம்பாமல் அபூதாஹிரையும் அளக்கச் சொன்னேன். அவன் ஆள் மனதைப் பார்த்துக் கதைக்கிறவன் இல்லை. நேராத்தான் நிண்டிருக்கு, இடிச்ச பிறகு யானை வந்தாலும் திருப்ப ஏலா என்றான். உன் சின்னக் கை அந்தக் காரைக் கொஞ்சமும் திருப்பவில்லை. தண்ணீர்தான் தூக்கிக்கொண்டு போனது. ஸ்டியரிங் இறுகியது அம்மாவின் கைக்குத் தெரிந்திருக்கும், அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் நீயும் போய்விடுவாய் என்றுதான் விடு என்று கத்தியிருக்கிறார். அது ஏச்சு இல்லை மகன். நீ விட்டபடியால்தான் யன்னலால் வெளியே வந்தாய், எனக்கு நீயாவது மிஞ்சினாய்.

அபூதாஹிர் கொழும்பிலிருந்து வேறொரு றாக் எடுப்பித்தான். பல்லுப் பல்லாக விரலால் கிறீஸ் தடவி, புது உறை போட்டுப் பூட்டினோம், இப்போது ஒரு விரலுக்குத் திரும்புகிறது. தாடியை வழிக்கச் சொன்னால் எஞ்சின் இன்னும் ஓடவில்லையே என்று நியாயம் கதைக்கிறான். பழைய கம்பியை நான் எறியவில்லை, நீ வந்து உன் கையால் தடவிப் பார். இந்தக் கடிதத்தை லக்சனாவிடமும் வாசிக்கக் கொடு, அவளிடமே கார் ஓட்டப் பழகு, பெண்சாதியிடம் படிக்க வெட்கம் எதற்கு. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு திரி. குழந்தைக்கு என் முத்தம். கோணேசரும் உன் அம்மாவும் உங்கள் மூவருக்கும் துணை நிற்கட்டும். எஞ்சின் சரிவந்தாலும் அம்மா இருந்த சீற்றில் இருந்து ஓட என்னால் ஏலாது, நீதான் வந்து ஓட்ட வேண்டும். சல்லி மட்டும் போய் வருவோம். அன்று நீ இருந்த இடத்தில் நான் இருக்கிறேன்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அப்பா