அமலி தலையில் ஊற்றிய தண்ணீர்

12-1-1974
நான் தாய்மாமன் ஆயிட்டேன், பொம்பளப் புள்ள, அதுக்கு மேல பெரிய சேதி, அந்தப் புள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்ததே நான்தான்!

ஆரோக்கியமேரி அக்காவுக்கு விடியற்காலையில் வீட்டிலேயே பிரசவம். குழந்தை அழவில்லை. உடம்பெல்லாம் நீலம். அந்த நேரத்தில் ஆரம்பாக்கத்தில் சாமியாருக்கு எங்கே போவது? சாகக் கிடக்கிற குழந்தைக்கு யாரும் கொடுக்கலாம் என்று ஞானோபதேசத்தில் நானே படித்து வைத்திருந்தேன். அம்மா சொம்பை என் கையில் திணித்தது. அமலோற்பவம் என்று பெயர் சொல்லி, பிதா சுதன் பரிசுத்த ஆவி பெயராலே ஊற்றினேன். வீல் என்று கத்தினாள் அமலி. உயிர்! நான் வேலை பார்க்கும் கும்மிடிப்பூண்டி வண்டிப் பட்டறையில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன்.

15-1
ஞானஸ்நானம் செல்ல வேண்டுமானால், வார்த்தைகளைச் சொல்லும்போதே தண்ணீர் ஓட வேண்டும். நான் சொல்லி முடித்த பிறகா ஊற்றினேன்? தோலில் பட்டதா, முடியோடு வழிந்துவிட்டதா? செல்லாவிட்டால் அவள் ஆன்மா என்ன ஆகும்? அம்மாவைக் கேட்டேன். "புள்ள உசுரோட கீது, அத்தப் பாரு." நான் உயிரைப் பற்றிக் கேட்கவில்லையே.

20-1, ஞாயிறு
பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். தண்ணீர் ஓடியதா என்றார். ஓடியது என்றேன். அப்படியானால் செல்லும், போ என்றார். மனசு லேசாகி எழுந்து வந்தேன். நாலு அடி வைப்பதற்குள் – ஓடியது என்று நான் சொன்னது உண்மையா? பொய் சொல்லி வாங்கின பதில் செல்லுமா? பூசையில் நற்கருணை அப்பம், அந்த நன்மை வாங்காமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள்.

29-1
அக்கா கொல்லைக்குப் போன நேரம், "நீ ஏற்கெனவே ஞானஸ்நானம் பெறாதிருந்தால்" என்று சேர்த்துச் சொல்லி இன்னொரு முறை ஊற்றினேன். இனி சந்தேகமில்லை.

30-1
தலையில் எண்ணெய் தடவியிருந்தார்களே. எண்ணெய் மேல் தண்ணீர் நிற்குமா?

10-2, ஞாயிறு
சோழவரத்தில் இன்று மோட்டார் ரேஸ். எந்த வண்டி எந்த வளைவில் திணறும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். போகவில்லை. மறுபடி சாமியாரிடம் போனேன். "இத்தோட வுடு, சின்னராசு. இனிமே இத்தக் கொண்டாந்தா கேக்க மாட்டேன். என் பேச்சுக்குக் கீழ்ப்படி, அதான் உனக்குப் பிராயச்சித்தம்" என்றார். அவருக்கென்ன, ஊற்றினது அவர் கையா?

16-2
மாட்டிக்கொண்டேன்.

அமலிக்கு நெஞ்சுச் சளி, மூச்சில் கரகரப்பு. எதனால் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும். திருட்டுத்தனமாக எத்தனை முறை ஊற்றிவிட்டேன்! தெரிஞ்சும் இன்னிக்கு ஊத்தினேன். நான் மனுசனா?

அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டாள். "இன்னாடா பண்ற எம் பொண்ண?" சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா கத்தவில்லை. குழந்தையின் ஈரத் தலையைத் துடைத்தபடியே, "இனி நீ இவளத் தொடாத" என்றாள்.

18-2
மாமா வந்து அக்காவையும் குழந்தையையும் சோழவரத்தில் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். அம்மா என்னோடு பேசவில்லை.

6-3
பட்டறையில் தாவீது, பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டான். நன்றாக இருக்கிறாள் என்றேன். எனக்குத் தெரியாது. இதையெல்லாம் யாரிடம் சொல்வது? சொன்னா சிரிப்பானுங்க.

31-3
அமலிக்குச் சளி போய்விட்டதாம். அம்மா அடுத்த வீட்டில் சொன்னது காதில் விழுந்தது.

13-4
நாளை ஈஸ்டர். பாவசங்கீர்த்தனத்தில் சாமியார், "அத்தத் தவிர இன்னா கீது?" என்றார். அதை விட்டால் சின்னச் சின்னப் பாவங்கள்தான். சொன்னேன்.

14-4
நன்மை வாங்கினேன். பயந்துகொண்டேதான்.

21-4
அம்மா பலகாரம் கொடுத்து என்னைச் சோழவரத்துக்கு அனுப்பியது. அக்கா காலை நீட்டி, அமலியைக் கால் மேல் போட்டுக் குளிப்பாட்ட உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் ஊற்ற ஆளில்லை. சொம்பை என் பக்கம் நகர்த்தினாள்.

"ஊத்து" என்றாள்.

சொம்பை எடுத்தேன். ஞானஸ்நான வார்த்தைகள் நாக்கு நுனியில் வந்து நின்றன. அக்கா தண்ணீரைப் பார்க்கவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சூடு சரியாக்கா?" என்றேன்.

"கொஞ்சம் வெளாவு."

விளாவி ஊற்றினேன்.